வீட்டுப் பாத்தியில் வெள்ளைப்பூண்டு

அடுப்படியில் நாள்தோறும் கைபடும் பொருள்களைப் பற்றியே நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கிறோம். இஞ்சியும் பூண்டும் அரைக்காத வீடு நம்மிடையே இல்லை. நோன்புக் கஞ்சிக்குப் பூண்டு வேண்டும், ரசத்துக்கு வேண்டும், பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியக் குழம்பு வைக்கவும் வேண்டும். ஆயினும் அந்தப் பூண்டு எந்தப் பருவத்தில் ஊன்றப்படுகிறது, எத்தனை மாதம் மண்ணில் கிடந்து விளைகிறது என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. எனக்கும் தெரியாதிருந்தது. தெரியாமலே பயிரிட்டேன், ஒரு பருவம் முழுதும் வீணாயிற்று. அந்தத் தவற்றையும் அதன்பின் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கொல்லையில் இரண்டு பாத்தி இடமோ, மாடியில் நாலைந்து தொட்டிகளோ உள்ள குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடும்.

விலை ஏறிய ஆண்டு

2024-ஆம் ஆண்டின் தொடக்கம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைப்பூண்டின் விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டிச் சில ஊர்களில் 500 ரூபாயையும் தொட்டது. நம் நாட்டில் பூண்டு மிகுதியாக விளைவது மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலுந்தான். முந்திய பருவங்களில் விலை வீழ்ந்து நொந்துபோன அப்பகுதி உழவர்கள் பயிரிடும் பரப்பைக் குறைத்துக்கொண்டனர். அதன் விளைவு நம் அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்துச் சமவெளியில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ளது. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் பூண்டுச் சந்தை இருக்கிறது. மலையில் விளையும் பூண்டு அங்கேதான் இறங்கும். அத்தனை அருகில் இருந்தும் அந்த ஆண்டு அரைக்கிலோ வாங்குவதற்கு ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது. அச்சமயம் என் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மே மாத இறுதியில் குழந்தை பிறக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என் தாயார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “தம்பி, இப்போதே கொல்லையில் ஊன்றிவிட்டால் பேத்தி பிள்ளை பெறும் வேளைக்கு வீட்டுப் பூண்டு கிடைக்குமல்லவா?” என்று கேட்டார். பூண்டுக்கு நான்கு மாதம் போதும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்த நானும் உடனே இசைந்தேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் வேலை தொடங்கியது. கடையில் வாங்கிய பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து, மாலையில் ஓத வரும் பிள்ளைகள் சிலரையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஊன்றி முடித்தோம். ஒரே வாரத்தில் பச்சை முளைகள் வரிசை வரிசையாக எழுந்தன. என் தாயார் நாள்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் கொல்லைக்கு வந்து அவற்றைப் பார்த்துச் செல்வார். மகளும் உடன் வந்து நிற்பாள்.

தோண்டியபோது கண்டது

மே மாதம் வந்தது, வெயில் கொளுத்தியது. தாள்கள் நுனி கருகின. பேத்தி பிறந்த மறுநாள் நான் மண்வெட்டியோடு கொல்லைக்குச் சென்றேன். முதற்செடியைத் தோண்டினேன். அடியில் பூண்டு இல்லை. வெங்காயத் தாளின் அடிப்பகுதி போல வெண்மையான தண்டு மட்டும் இருந்தது. இரண்டாவதும் அப்படியே, பத்தாவதும் அப்படியே. பாத்தி முழுவதையும் கிளறியும் ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை. அன்று மாலை வடுகபட்டிக்குச் சென்று, கேட்ட விலையைக் கொடுத்துப் பூண்டு வாங்கி வந்தேன்.

என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதேனும் சொல்லியிருந்தால் என் மனம் சற்று இலேசாகியிருக்கும். விதை கெட்ட விதை என்று நான் கடைக்காரரைக் குறை சொன்னேன். மண் சரியில்லை என்று மண்ணையும் குறை சொன்னேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சிறுவயதில் என்னிடம் ஓதியவர். பின்னாளில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். நடந்ததைக் கேட்டு அவர் மெல்லச் சிரித்தார். “ஹஜ்ரத், விதையிலும் குறை இல்லை, மண்ணிலும் குறை இல்லை. நீங்கள் ஊன்றிய மாதந்தான் குறை. பூண்டு குளிரைப் பார்க்காமல் பல் வைக்காது” என்றார். எழுத்துக் கூட்டி வாசிக்க நான் கற்றுக்கொடுத்த பிள்ளையிடம் அன்று நான் பாடம் கேட்டேன்.

பூண்டு கேட்பது குளிர்

பூண்டின் தாயகம் மத்திய ஆசியா. அங்கே இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் போன பல், கடுங்குளிரைக் கண்டு கிடந்து, வசந்தத்தில் பகற்பொழுது நீளத் தொடங்கியதும் பருத்துப் பல பற்களாகப் பிரியும். இந்த இயல்பு அதன் உடலோடு ஊறியது. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த குளிர் சில வாரங்களேனும் கிடைக்க வேண்டும். பின்னர்ப் பகல் நீள வேண்டும். வெப்பம் சிறிது சிறிதாக உயர வேண்டும். இவை கிடைத்தால்தான் செடி இலை விடுவதை நிறுத்திவிட்டு அடியில் பல் வைக்கும். குளிரே கிடைக்காத செடி இலையாகவே வளர்ந்து இலையாகவே முடியும். குளிர் ஓரளவு கிடைத்தும் போதாமற் போனால் பல் பிரியாமல் உருண்டையாக ஒரே பல்லாய் நிற்கும். சந்தையில் ஒற்றைப் பூண்டு என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவதும் இத்தகைய உருண்டைதான்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் பூண்டு செழித்து வளர்வதற்கு அங்குள்ள குளிர்ச்சியே காரணம். அந்த மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரியிலும் பூண்டு விளைகிறது. அம்மலைக்கென ‘ஊட்டி 1’ என்னும் இரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது. மலையூர்களில் வாழும் நம் குடும்பத்தார் சூன்-சூலையிலும் அக்டோபர்-நவம்பரிலும் தயங்காமல் ஊன்றலாம். சமவெளியில் வாழும் நாமோ, நம் மண்ணால் தர இயலாத குளிரை வேறு வழியில் தர வேண்டும். அந்த வழி நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கிறது.

இருவகைப் பூண்டு

பூண்டில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று, நடுவே கெட்டியான பூந்தண்டு எழும்பும் வகை. அதன் பற்கள் அத்தண்டைச் சுற்றி ஒரே வட்டமாக அமைந்திருக்கும். எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரியவை. இதனை வன்கழுத்துப் பூண்டு எனலாம். இது கடுங்குளிர் நாடுகளுக்கே ஏற்றது. மற்றொன்று, பொதுவாகப் பூந்தண்டு எழாமல் கழுத்து மெத்தென்று துவளும் வகை. இதில் பற்கள் அடுக்கடுக்காக இருக்கும்; வெளிப்பற்கள் பெரியனவாகவும் உட்பற்கள் சிறியனவாகவும் அமையும். இதுவே மென்கழுத்துப் பூண்டு. நம் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். குறைந்த குளிரையும் இது பொறுத்துக்கொள்ளும். நெடுநாள் கெடாமலும் இருக்கும். கழுத்து துவள்வதால் தாளோடு சேர்த்துச் சடை பின்னித் தொங்கவிடவும் ஏற்றது. வீட்டுத் தோட்டத்துக்கு நாம் நாட வேண்டியது இதனையே.

ஊன்றும் முறை

செப்டம்பர் நடுவில், நன்கு முற்றிக் காய்ந்த முழுப்பூண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய தோலும் பெரிய வெளிப்பற்களும் உடையவையாக இருக்கட்டும். அவற்றைப் பிரிக்காமல் காகிதப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வையுங்கள். உறைய வைக்கும் அறையில் வைத்துவிடாதீர்கள். ஈரம் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்தால் தாமதமின்றி ஊன்றிவிட வேண்டும். எடுத்தபின் பல நாள் சூட்டில் கிடந்தால், அது பெற்ற குளிர் வீணாகிவிடக்கூடும்.

ஐப்பசிப் பிற்பகுதி, அதாவது நவம்பர் முதல் வாரம், சமவெளியில் ஊன்றத் தக்க காலம். ஆனால் அது நமக்கு அடைமழைக் காலமும் ஆகும். நீர் தேங்கினால் பல் அழுகிவிடும். ஆகவே பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து அரையடி உயர்த்துங்கள். களிமண்ணாயின் மணலும் நன்கு மட்கிய தொழுவுரமும் கலந்து பொலபொலப்பாக்குங்கள். பச்சைச் சாணத்தை இடாதீர்கள். தொட்டியில் வளர்ப்போர் முக்காலடியேனும் ஆழமுள்ள, அடியில் துளையுள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெங்காயம் பயிரிட்ட பாத்தியைத் தவிர்ப்பது நலம். வெங்காயத்தைத் தாக்கும் பல நோய்கள் பூண்டையும் தாக்கும்.

ஊன்றும் அன்றுதான் பற்களைப் பிரிக்க வேண்டும். தோலை உரிக்கலாகாது. வெளிப்புறத்துப் பெரிய பற்களை மட்டும் ஊன்றுங்கள். உட்புறத்துச் சிறு பற்களை அடுப்படிக்கு அனுப்புங்கள். சிறிய பல்லை ஊன்றினால் பெரும்பாலும் சிறிய பூண்டே விளையும். வேர் விடும் தட்டையான பக்கம் கீழேயும், கூர்முனை மேலேயும் இருக்க வேண்டும். ஒன்றரை அங்குல ஆழம் போதும். செடிக்குச் செடி 4 அங்குலமும் வரிசைக்கு வரிசை 6 அங்குலமும் இடைவெளி விடுங்கள். இந்தக் கணக்கில் மூன்றடிக்கு நான்கடிப் பாத்தியில் எழுபது பற்கள் வரை ஊன்றலாம்.

நீரும் களையும் நோயும்

பூண்டின் வேர் ஆழமாகப் போவதில்லை. எனவே மழை ஓய்ந்தபின் மேல்மண் காயக் காய நீர் விட வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை என்பது பொதுவான அளவு. களையோடு போட்டியிடும் வலிமை இச்செடிக்கு இல்லை. சிறு களையையும் உடனுக்குடன் கையால் பறித்துவிடுங்கள். கொத்தினால் வேர் அறுபடும். வரிசைகளுக்கு இடையே வைக்கோலைப் பரப்பினால் களையும் அடங்கும், மண்ணும் குளிர்ந்திருக்கும்.

ஊன்றிய முதல் இரண்டு மாதம் இலை வளரும் காலம். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைச் செடி வரிசையில் தூவலாம். அடி பருக்கத் தொடங்கியபின் உரம் வேண்டா. இட்டால் மீண்டும் இலையே பெருகும்.

இலைப்பேன் என்னும் மிகச்சிறு பூச்சி தாளின் சாற்றை உறிஞ்சும். அப்போது இலையில் வெள்ளி நிறக் கீற்றுகள் தோன்றும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயையும் சிறிதளவு சோப்புக் கரைசலையும் கலந்து மாலை வேளையில் தெளித்தால் கட்டுப்படும். இலையில் ஊதா நிறப் புள்ளி கண்டால் அது பூசண நோய். அவ்விலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மாலையில் இலை நனைய நீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள்.

எடுக்கும் பக்குவம்

பூண்டில் பொறுமையைச் சோதிப்பது அறுவடைதான். மண்ணுக்கு மேலே காணும் ஒவ்வோர் இலையும் அடியில் பூண்டைச் சுற்றி ஒரு தோலாக அமைகிறது. பச்சையாக நிற்கும் இலைகளை எண்ணினால் பூண்டுக்கு எத்தனை நல்ல தோல் இருக்கிறது என்று ஏறக்குறையக் கணக்கிட்டுவிடலாம். அடியிலைகள் மஞ்சளாகி, மொத்த இலைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருந்தால் தோல்கள் மக்கிப் பற்கள் பிளந்துகொள்ளும். பின்னர் அவை சேமிக்க உதவா. எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நீர் விடுவதை நிறுத்துங்கள். தாளைப் பிடித்து இழுக்காமல், பக்கத்து மண்ணைக் கிளறித் தூக்குங்கள்.

எடுத்த பூண்டைக் கழுவக் கூடாது. மண்ணை உதறி, தாளோடும் வேரோடும் நிழலில், காற்று உலவும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். மலையூர்களில் கட்டுக் கட்டாகக் கட்டிப் புகை படும்படி தொங்கவிடும் வழக்கமும் உண்டு. கழுத்து முற்றக் காய்ந்தபின் சடையாகப் பின்னியும் வைக்கலாம். வேரையும் தாளையும் நறுக்கிக் கூடையிலும் இடலாம்.

தாளும் கறியே

இத்தனையும் செய்ய இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. பல் வேண்டும் என்றால்தான் குளிர் வேண்டும். தாள் போதும் என்றால் குளிரே வேண்டா. அடுப்படியில் முளைவிட்ட பற்களை ஒரு தொட்டியில் இரண்டு அங்குல இடைவெளியில் ஊன்றி வையுங்கள். ஒரு மாதத்தில் தாள் அரையடிக்கு மேல் வளரும். அதை நறுக்கி முட்டைப் பொரியலிலும் துவையலிலும் சேர்த்தால் பூண்டின் மணம் இதமாக இறங்கும். கடுங்கோடை தவிர்த்து ஆண்டில் பெரும்பகுதியும் இது கைகொடுக்கும். என் முதற்பயிரை நான் வீணென்று குப்பையில் கொட்டினேன். அத்தனையும் நல்ல கறித்தாள் என்பதை அன்று அறியாமற் போனேன்.

பள்ளிக்குச் செல்லுமுன்

பூண்டைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தம்மிடம் அனுப்பப்பட்ட உணவில் பூண்டு இருந்ததால் அதனை அவர்கள் உண்ணாதிருந்ததும், அது விலக்கப்பட்டதா என்று அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்கள் கேட்டபோது, இல்லை, அதன் வாடையைத் தாம் விரும்பவில்லை என்று விளக்கியதும் ஹதீஸ் நூல்களில் காணப்படுகின்றன. எனவே பூண்டு ஆகுமான உணவே. பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை தராதிருப்பதே இங்கே கற்க வேண்டிய ஒழுக்கம். சமைத்தால் வாடை தணிந்துவிடும். பச்சைப் பூண்டில் அந்தக் கடும் வாடை எழுவதற்கும் காரணம் உண்டு. முழுப்பல்லில் அது இருப்பதில்லை. நசுக்கும்போது பல்லுக்குள் தனித்தனியே இருந்த இரு பொருள்கள் கலந்து அல்லிசின் என்னும் புதுப்பொருள் உண்டாகிறது. 1944-ஆம் ஆண்டில் அறிவியலார் இதனைப் பிரித்தறிந்தனர். தாளுக்கும் வாடை உண்டு. பச்சையாகத் தாள் துவையல் உண்டவரும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

மறுபருவம்

2024 நவம்பரில் நான் மீண்டும் ஊன்றினேன். இம்முறை ஆறு வாரம் குளிர் கண்ட மலைப்பூண்டின் பற்கள் நாற்பத்தெட்டு. மழையில் ஏழு அழுகின. 2025 பிப்ரவரி இறுதியில், ரமளான் பிறை பார்ப்பதற்குச் சில நாள் முன்பு, மீதி நாற்பத்தொன்றையும் எடுத்தோம். இருபத்தொன்பது பல் பிரிந்திருந்தன. பன்னிரண்டு ஒற்றைப் பூண்டாக நின்றன. ஒன்றுகூடக் கடைப் பூண்டின் அளவுக்கு இல்லை. பெரியது என்று நாங்கள் மெச்சியதே ஒரு நெல்லிக்காயளவுதான். வீட்டுச் செலவில் இதனால் மிச்சமானது சொற்பமே. குறையை மறைத்து ஆசை காட்டுவது எழுதுபவனுக்கு அழகன்று என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

என் தாயார் முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து அவற்றைத் தரம் பிரித்தார். மடியில் ஒன்பது மாதக் கொள்ளுப்பேத்தி இருந்தாள். சிறியவற்றையெல்லாம் ஒரு தட்டில் குவித்து, “இவை நோன்புக் கஞ்சிக்கு” என்றார். பெரியவை ஆறினைத் தனியே எடுத்துத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். மகள் எட்டிப் பார்த்து, “இவற்றைத்தானே முதலில் சமைக்க வேண்டும்?” என்று கேட்டாள். “பெரியதைத் தின்றுவிட்டுச் சிறியதை ஊன்றினால் அடுத்த ஆண்டு என்னத்தைத் தோண்டுவது? ஐப்பசி வரட்டும்” என்றார் அவர்.

எழுபதைத் தாண்டிய அவர் அடுத்த ஐப்பசிக்கு விதை முடிந்து வைத்ததைக் கண்டு நான் பேசாமல் நின்றேன். ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்று பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். அவ்வாண்டு முதல் நோன்பன்று, மஃரிபு பாங்கு ஒலித்தபின், அந்தச் சிறு பூண்டுகள் வெந்த கஞ்சியை எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் குடித்தார்கள். நீங்களும் வரும் செப்டம்பரில் நான்கு பூண்டுகளைக் காகிதப் பையிலிட்டுக் குளிரில் வையுங்கள். நவம்பரில் ஊன்றுங்கள். இன்ஷா அல்லாஹ், சிறியதாயினும் உங்கள் கையால் விளைந்தது உங்கள் கஞ்சியில் வேகும்.